பழைய பெல்லட் அடுப்பு: வாங்கலாமா, விட்டுடலாமா?

வீட்டைக் குளிர வைக்கத்தான் நாம் காசு செலவழிக்கிறோம். சூடாக்குவதற்கு நம் ஊர் வெயிலே போதும். அதனாலேயே ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் வரும் கணக்குகள் நம்மில் பல பேருக்கு வெறும் மார்க்காகவே நின்றுபோகின்றன. சரி, ஒரு மாறுதலுக்கு நிஜமான ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றைக் கணக்காக எடுத்துக்கொள்வோம்.

இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெயின் மாநிலம். ஜனவரி இரவில் வெளியே மைனஸ் 17 டிகிரி செல்சியஸ் என்றால் அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஏறத்தாழப் பாதி வீடுகள் எண்ணெய் எரித்துத்தான் சூடேற்றுகின்றன. எண்ணெய் விலை ஏறும் வருஷம் வீட்டு பட்ஜெட் ஆட்டம் காணும். அப்போதுதான் பலர் பெல்லட் அடுப்பு பக்கம் திரும்புகிறார்கள். புதுசு வாங்கினால் தோராயமாக 2,500 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை. செகண்ட் ஹேண்டில் 500க்கும் கிடைக்கும், 1,500க்கும் கிடைக்கும். தப்பானதை வாங்கினால் பணம் போவது சின்ன நஷ்டம். தூங்கும் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு வந்தால் அது வேற கதை.

முதல்ல பெல்லட் என்றால் என்ன? மர அறுவை ஆலையில் மிஞ்சும் மரத்தூளைக் காயவைத்து, அதிக அழுத்தத்தில் ஒரு துளை வழியாகப் பிதுக்கி எடுக்கும் சின்னக் குச்சி. விட்டம் 6 மில்லிமீட்டர் சொச்சம். பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்தில் சூடாகும்போது மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது ஒட்டிக்கொள்கிறது. அப்போது வெட்டிய விறகில் பாதி எடை தண்ணீர்தான். நன்றாகக் காய்ந்த விறகில்கூட 20 சதவீதம் இருக்கும். நல்ல பெல்லட்டில் ஈரம் 8 சதவீதத்துக்குள், சாம்பல் 1 சதவீதத்துக்குள். கிலோவுக்கு ஏறத்தாழ 19 மெகாஜூல் வெப்பம். அங்கே 40 பவுண்டு மூட்டையாக, அதாவது 18 கிலோவாக விற்பார்கள்; 50 மூட்டை சேர்ந்தால் ஒரு டன். ஒரு டன் பெல்லட் சுமார் 120 கேலன் எண்ணெய்க்குச் சமம் என்பது அந்த ஊரில் எல்லாரும் சொல்லும் கணக்கு.

அடுப்பு வேலை செய்யும் விதம் நமக்குப் புதுசே இல்லை. மேலே பெல்லட் கொட்டும் ஹாப்பர். அதன் அடியில் ஆகர் என்கிற திருகு; ரைஸ் மில்லில் பார்த்திருப்பீங்களே, அதே ஸ்க்ரூ கன்வேயரின் தம்பி. ஒரு கியர் மோட்டார் அதை நிமிஷத்துக்கு ஓரிரு சுற்று வேகத்தில், விட்டு விட்டுச் சுற்றும். பெல்லட் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் விழும். பற்றவைக்க ஒரு மின்சார இக்னைட்டர். புகையை வெளியே இழுக்க ஒரு ப்ளோயர். அது இழுக்கும் இழுப்பில்தான் எரிவதற்கான காற்றும் கிண்ணத்தின் துளைகள் வழியாக உள்ளே வருகிறது. இன்னொரு ப்ளோயர் அறைக் காற்றை வெப்பப் பரிமாற்றக் குழாய்கள் மேல் ஊதி, சூடான காற்றாகத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டு காற்றும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது. கேஸ்கட், வெல்டிங், கதவு எல்லாமே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கூடவே மூன்று காவலாளிகள் உண்டு. எரியறைக்குள் வெற்றிடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேக்யூம் சுவிட்ச். அடுப்பு அளவுக்கு மீறிச் சூடானால் ஆகரை நிறுத்தும் ஹை லிமிட் சுவிட்ச். நெருப்பு நிஜமாகவே பற்றிக்கொண்டதா என்று பார்க்கும் இன்னொரு வெப்ப சுவிட்ச். இந்த மூன்றையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் வரப்போகிறோம்.

35:1 என்ற எண்ணின் கதை

வீட்டுக்கான பெல்லட் அடுப்பை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி விட்ஃபீல்ட். போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ஏரோநாட்டிகல் இன்ஜினியர். 1973க்குப் பிறகு வந்த எண்ணெய் நெருக்கடிதான் பின்னணி. அந்தச் சமயத்தில் சாதாரண விறகு அடுப்புகளின் புகை பெரிய பிரச்சினையானதால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ. 1988ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதில் ஒரு விலக்கு இருந்தது: காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள எடை விகிதம் 35:1க்கு மேல் போனால், அந்த அடுப்புக்குச் சான்றிதழ் தேவையில்லை. திறந்த கணப்பு அடுப்புகளை மனதில் வைத்து எழுதிய வரி. ஆனால் சில பெல்லட் அடுப்புகளும் நிறையக் காற்றை இழுக்கும்படி வடிவமைக்கப்பட்டு அந்த விலக்குக்குள் நுழைந்துவிட்டன.

இதனால் என்ன கெட்டுப்போச்சு? கணக்குப் போட்டுப் பாருங்க. மரம் முழுசாக எரிய கிலோவுக்குச் சுமார் 6 கிலோ காற்று போதும். நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகத்தான் விடுவோம். ஒரு அடுப்பு 15:1ல் ஓடுகிறது, இன்னொன்று 35:1ல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் புகைவாயு 180 டிகிரியில் வெளியேறுகிறது. உள்ளே வந்த காற்று 20 டிகிரி. வித்தியாசம் 160. வாயுவின் வெப்ப ஏற்புத்திறனை கிலோவுக்கு 1 கிலோஜூல் என்று எடுத்துக்கொண்டால், முதல் அடுப்பில் ஒரு கிலோ பெல்லட்டுக்கு 16 கிலோ வாயு, அதாவது 2.56 மெகாஜூல் வெளியே போகிறது. 19ல் அது 13 சதவீதம் சொச்சம். இரண்டாவதில் 36 கிலோ வாயு, 5.76 மெகாஜூல். 30 சதவீதம்! நீராவியோடு போகும் லேட்டன்ட் ஹீட்டை இன்னும் சேர்க்கவே இல்லை. நிஜத்தில் காற்று அதிகமானால் புகையின் வெப்பநிலை கொஞ்சம் இறங்கும், அதனால் வித்தியாசம் இவ்வளவு பெரிசாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் திசை இதுதான்.

இன்னொரு இழப்பும் இருக்கு. முழு வேகத்தில் மணிக்கு 2.2 கிலோ எரிக்கும் அடுப்பு 35:1ல் ஓடினால், மணிக்கு 77 கிலோ காற்று, அதாவது 64 கன மீட்டர் சொச்சம் வேண்டும். அது வீட்டுக்குள்ளிருந்து போனால், அதே அளவு மைனஸ் 17 டிகிரி காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை அடுப்பே வெளியே தள்ளுகிறது. அதனால்தான் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் தனிக் குழாயை நான் கட்டாயம் என்று சொல்வேன்.

2015ல் இ.பி.ஏ. விதியைத் திருத்தி அந்த விலக்கை எடுத்துவிட்டது. 2020 மே மாதத்திலிருந்து விற்கும் புது அடுப்புகளுக்குத் துகள் வரம்பு மணிக்கு 2 கிராம். ஆகவே பழைய அடுப்பைப் பார்க்கப் போனால் முதலில் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். பின்புறத் தகட்டில் மாடல் பெயர், வரிசை எண், தயாரித்த ஆண்டு, எந்தச் சோதனைத் தரத்தின்படி பரிசோதித்தது என்பதெல்லாம் இருக்கும். பெல்லட் அடுப்புக்கான பாதுகாப்புத் தரம் ஏ.எஸ்.டி.எம். இ1509. தகடே இல்லையென்றால் பேரம் பேசவே வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். தகடு இல்லாத அடுப்பைப் பொருத்த உள்ளூர் அதிகாரி அனுமதி தருவதும், வீட்டு இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொள்வதும் கஷ்டம். பழைய அடுப்பை விற்பது, பொருத்துவது பற்றிய சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

எவ்வளவு பெரிசு வேணும்?

விளம்பரத்தில் '40,000 பிடியூ' என்று போட்டிருப்பார்கள். கிலோவாட்டில் 11.7. ஆனால் அது பல நேரம் உள்ளே போகும் எரிபொருளின் வெப்பம்தான், அறைக்கு வரும் வெப்பம் இல்லை. 75 சதவீதத் திறன் என்று வைத்தால் அறைக்கு 8.8 கிலோவாட். இப்போ வீட்டின் பக்கம். 120 சதுர மீட்டர் வீடு, சுவர், ஜன்னல், காற்றுக் கசிவு எல்லாம் சேர்த்து ஒரு டிகிரிக்கு 220 வாட் இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 20, வெளியே மைனஸ் 17. வித்தியாசம் 37. பெருக்கினால் 8.1 கிலோவாட். அந்த அடுப்பு சரியாகப் போதும்.

காகிதத்தில் போதும். வீட்டில்? அடுப்பு ஹாலில் இருக்கும். கதவு மூடிய படுக்கையறைக்கு வெப்பம் தானாக நடந்து போகாது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஹாலில் அடுப்பு நன்றாக எரிந்தால், அங்கே இருக்கும் தெர்மோஸ்டாட் 'வீடு சூடாத்தான் இருக்கு' என்று எண்ணெய் பாய்லரை ஓடவே விடாது. அடித்தளத்திலோ வெளிச்சுவர் ஓரத்திலோ போகும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அடுப்பில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் பிளம்பருக்குப் போய்ச் சேரும். ஆகவே பழைய பாய்லரைக் கழற்றி எறியாமல், தினமும் கொஞ்ச நேரமாவது ஓடும்படி வைப்பதுதான் புத்தி.

ரொம்பப் பெரிய அடுப்பும் வேண்டாம். எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓடினால் நெருப்பு மந்தமாக எரிந்து, கண்ணாடியும் குழாய்களும் சீக்கிரம் கரி பிடிக்கும்.

நேரில் பார்க்கும்போது

பழைய பைக் வாங்கப் போகும்போது, நாம் போவதற்கு முன்னாடியே இன்ஜினைச் சூடாக்கி வச்சிருந்தா சந்தேகப்படுவோம் இல்லையா? இங்கேயும் அதேதான். 'நான் வரும்போது அடுப்பு ஆறியிருக்கட்டும், என் கண் முன்னாடி பத்தவைங்க' என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுவிட்ச் போட்டதும் புகை ப்ளோயர் சுழல வேண்டும், ஆகர் பெல்லட் தள்ள வேண்டும், சில நிமிஷத்தில் லேசான புகை, பிறகு சுடர். கொஞ்சம் சூடேறிய பிறகுதான் அறை ப்ளோயர் தானாகக் கிளம்பும். இந்த வரிசை ஒழுங்காக நடந்தால் இக்னைட்டர், இரண்டு ப்ளோயர், ஆகர் மோட்டார், போர்டு, வெப்ப சுவிட்ச் எல்லாமே வேலை செய்கிறது என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.

நெருப்பைப் பாருங்க. வெளிர் மஞ்சளாக, துடிப்பாக, கிண்ணத்திலிருந்து சாம்பலைச் சிதறவிடும் சுடர் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக ஆடி, நுனியில் கறுப்பு விட்டால் காற்று போதவில்லை. அடைப்பாக இருக்கலாம், தேய்ந்த கேஸ்கட்டாக இருக்கலாம், சோர்ந்துபோன ப்ளோயராகவும் இருக்கலாம். கண்ணாடியில் வெளிர் சாம்பல் படிவது சகஜம்; மைபோல் கறுப்பு படிந்தால் காரணம் கேளுங்கள்.

அப்புறம் காது. கிறீச் என்ற சத்தம் ப்ளோயரிலிருந்து வந்தால் பேரிங் போய்விட்டது. புகை ப்ளோயர் மாற்ற 150, 250 டாலர் ஆகும். கட்டுப்பாட்டு போர்டு அதைவிட அதிகம். இக்னைட்டர் போயிருந்தால் பயப்பட வேண்டாம், 50 முதல் 100 டாலருக்குள் முடியும். அதுவரை ஜெல் ஊற்றித் தீக்குச்சியால் பற்றவைத்துக்கொள்ளலாம். பேரம் பேச நல்ல சாக்கு.

அடுப்பு நன்றாக ஆறின பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். எரிகிண்ணம் கோணியிருக்கிறதா, துளைகள் அரித்துப் பெரிசாகியிருக்கிறதா? கிண்ணம் மாற்றக்கூடிய பொருள்தான். எரியறைச் சுவரில் விரிசல் என்றால் விட்டுவிடுங்கள். புகையும் அறைக் காற்றும் கலக்கும் வழி அதுதான். துரு எங்கே என்று கவனிக்கவும். மேல் தகட்டுத் துரு வெறும் அழகுப் பிரச்சினை. உள்ளே, சாம்பல் தங்கும் மூலைகளில் செதில் செதிலாக உரிந்தால், அந்த வீட்டுக்காரர் கோடை முழுவதும் சாம்பலை அள்ளாமலே விட்டிருக்கிறார். சாம்பல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரச் சாம்பல் இரும்பை அரிக்கும். 'இதில் எப்பவாவது சோளம் எரித்தீர்களா?' என்றும் கேட்டுவிடுங்கள். பெல்லட் விலை ஏறிய காலங்களில் மக்காச்சோள மணிகளைச் சில பேர் எரித்தார்கள். அதன் புகை குழாய்களை அரிக்கும், சாம்பல் கட்டி தட்டிப்போகும்.

கதவு கேஸ்கட்டுக்கு ஒரு டாலர் நோட்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாகப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கசிவு. கயிறு கேஸ்கட் மாற்றுவது மலிவான வேலை. ஹாப்பர் மூடியின் கேஸ்கட்டையும் பாருங்கள். அது கசிந்தால் காற்று மேலிருந்து ஆகர் வழியாக இழுக்கப்பட்டு, நெருப்பு பின்னோக்கி ஹாப்பருக்குள் ஏற வழி கிடைத்துவிடும்.

இப்போ அந்த மூன்று காவலாளிகள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி வயர்களைப் பாருங்கள். ஏதாவது ஒரு சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தால், அதாவது சுவிட்சை பைபாஸ் செய்திருந்தால், விலை 50 டாலர் என்றாலும் வேண்டாம். அடுப்பு அடிக்கடி நின்றுபோயிருக்கிறது. ஏன் நிற்கிறது என்று தேடாமல், நிறுத்தச் சொன்ன சுவிட்சையே யாரோ வாயடைத்திருக்கிறார்கள். புகைக்குழாய் அடைத்திருந்தால் வேக்யூம் சுவிட்ச்தான் ஆகரை நிறுத்தும். அது பைபாஸில் இருந்தால், அடைத்த குழாயோடு இரவு முழுவதும் பெல்லட் விழுந்துகொண்டே இருக்கும், புகை வீட்டுக்குள் வரும். நம் லேப் மெஷின்களில் இன்டர்லாக்கை ஷார்ட் பண்ணி ஓட்டும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அதே புத்தி, ஆனால் பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

'கழற்றி கராஜில் வச்சிருக்கேன், நல்லாத்தான் ஓடிச்சு' என்பார்கள் சிலர். புகைக்குழாய் இல்லாமல் மூடிய இடத்தில் பற்றவைத்துக் காட்டச் சொல்லவே கூடாது. மின்சாரம் கொடுத்து மோட்டார்களை மட்டும் பார்க்கலாம். மிச்சத்தை நம்பிக்கையில்தான் வாங்குகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிராண்டு விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: உதிரி பாகம் கிடைக்கணும். விட்ஃபீல்ட் பெயரில் வந்த பழைய அடுப்புகள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன, ஆனால் உற்பத்தி நின்றுபோய்விட்டது. பாகங்களுக்கு வெளியார் தயாரிப்பைத்தான் நம்ப வேண்டும். போவதற்கு முன் மாடல் பெயரைப் போட்டு ஆகர் மோட்டார், போர்டு இரண்டும் கடைகளில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். கையேடும் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

குழாயும் கரன்ட்டும்

பழைய அடுப்போடு பழைய புகைக்குழாயும் சும்மா தருவார்கள். வாங்க வேண்டாம். சாதாரண விறகு அடுப்புக் குழாயும் பொருந்தாது; பெல்லட் அடுப்புக்கென்று இரட்டைச் சுவர் கொண்ட, 3 அல்லது 4 அங்குலக் குழாய் தனியாக உண்டு. உள்ளே அழுத்தம் இருப்பதால் இணைப்புகள் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். எந்த அளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த ஈக்விவலன்ட் லென்த் போலத்தான். படுக்கைவாட்டில் ஒரு அடிக்கு 1, செங்குத்தில் ஒரு அடிக்கு 0.5, 90 டிகிரி வளைவுக்கோ டீ இணைப்புக்கோ 5, 45 டிகிரி வளைவுக்கு 3. மொத்தம் 15 அடிக்குள் என்றால் 3 அங்குலம் போதும். உதாரணமாக, சுவர் வழியாக 2 அடி, ஒரு டீ, மேலே 4 அடி, நுனியில் ஒரு வளைவு: 2, 5, 2, 5, ஆக 14. சரி. இன்னொரு வளைவு சேர்த்தால் 19. 4 அங்குலத்துக்கு மாற வேண்டும். அடுப்பின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதுதான் செல்லும்.

அந்த 4 அடிச் செங்குத்துக் குழாயைக் காசு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். பெல்லட் அடுப்புக்குக் கரன்ட் இல்லாமல் உயிரில்லை. ஓடும்போது 100 வாட் அளவு, பற்றவைக்கும்போது 300, 400 வரை. பனிப்புயலில் கரன்ட் போனால் ப்ளோயர் நின்றுவிடும், கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் நெருப்பு புகைந்துகொண்டிருக்கும். செங்குத்துக் குழாய் இருந்தால் சூடான வாயு தானாக மேலேறி வெளியே போகும். இல்லையென்றால் அறைக்குள் வரும். இன்வர்ட்டர் வைக்கலாம்தான். ஆனால் ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் மோட்டார் உறுமுவது நம் வீட்டு ஃபேனிலேயே கேட்டிருப்பீர்கள், போர்டும் குழம்பும். சைன் வேவ் வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம், பேட்டரியில் ஓடுவது, படுக்கையறைப் பக்கம் ஒன்று. இது பேரத்துக்கு அப்பாற்பட்ட செலவு. பெல்லட்டை நிறையக் குவித்து வைக்கும் மூடிய கிடங்கிலும் இதே வாயு தானாகவே சேரும். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட கிடங்குக்குள் இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள்.

எப்போ வாங்கணும்? அக்டோபரில் எல்லாரும் தேடுவார்கள், விலை ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் விற்பவர்களுக்கு இடம் காலியானால் போதும். அப்போது ஒரு சிக்கல், கோடைக்கு முன் வாங்கினாலும் பற்றவைத்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை, வெயிலைக் காரணம் சொல்லித் தட்டிக்கழிக்க விடாதீர்கள். அடுப்பு 100 முதல் 200 கிலோ வரை இருக்கும். தூக்க இரண்டு பேரும், கண்ணாடிக்கு ஒரு கம்பளியும், பிக்கப் வண்டியும் கொண்டு போக வேண்டும். ஹாப்பரைக் காலி செய்துவிட்டுத் தூக்குங்கள். பெல்லட்டையும் கோடையிலேயே வாங்கிக் காய்ந்த இடத்தில் அடுக்கிவிட வேண்டும், ஈரம் பட்டால் மறுபடியும் மரத்தூளாகிவிடும். ஒரு குளிர்காலத்துக்கு 3 டன் என்றால் 150 மூட்டை. முழு வேகத்தில் ஒரு மூட்டை 8 மணி நேரம், அடக்கி எரித்தால் ஒன்றரை நாள். அதைத் தினமும் யார் தூக்கிக் கொட்டப் போகிறார்கள் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.